பழுப்பு சார்

கண்ணாடித் தகட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற வரைக்கும் அவர் மூச்சு விடமாட்டார். பார்த்து முடித்த பிறகுதான் விடுவார். மூச்சு நீளமாக வந்தால் சாயம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பொருள். குட்டையாக வந்தால் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் யாரும் போகாமல் இருப்பது நல்லது. அந்தப் பரிசோதனைக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் மைக்ரோஸ்கோப்பைப் பழகுவதற்கு முன்னால் இவருடைய மூச்சைப் பழகிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரி முழுக்க அவர் 'பழுப்பு சார்'தான். அறுவைச் சிகிச்சையில் எடுக்கிற சதைத் துண்டு கீழ்த்தளத்தில் இருக்கிற இவருடைய அறைக்கு வரும். அதை மெழுகில் பதித்து வைப்பார்கள். அந்த மெழுகு பிளாக்கை வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் அள்ளி எடுப்பார். பிறகு எந்தப் புரதம் இருக்கிறதா என்று டாக்டர்கள் கேட்கிறார்களோ, அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை ஒரு சொட்டு விடுவார். புரதம் இருக்கிற இடமெல்லாம் கடைசியில் பழுப்பாகும். இல்லாத இடம் வெளிறிய நீலமாக நிற்கும். "இருந்தா பழுப்பு, இல்லன்னா வெளுப்பு. இவ்வளவுதான் நம்ம வேலை" என்பார், ஏதோ சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவர் மாதிரி. அந்த இவ்வளவுதானைக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப்பேர் மூன்றே மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு ஓடியிருக்கிறார்கள்.

வேலையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கமும் அவருக்கு இல்லை. பழுப்பின் அளவை டாக்டர்கள் ஒன் பிளஸ், டூ பிளஸ், த்ரீ பிளஸ் என்று சொல்வார்கள். இவர் டீயையும் அப்படித்தான் சொல்வார். துணிக்கடையில் பழுப்புச் சட்டையை எடுத்துக் காட்டினால், வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்து, "ஓவர் ஸ்டெயின்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர் அதை ஆங்கிலத்தில் ஏதோ பாராட்டு என்று நினைத்து அதே நிறத்தில் இன்னும் நாலு சட்டையை எடுத்துப் போட்ட கதையை அவருடைய மனைவி சொல்லக் கேட்கவேண்டும்.

அவர் தன்னுடைய ஸ்லைடு எதையும் முகத்தைப் பார்த்து நம்புகிறவர் இல்லை. சதைக்குள்ளேயே சாட்சி தேடுவார். நோய்க்கட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற சின்ன ரத்தக்குழாய்களின் சுவர், எந்த நோயும் இல்லாமலே கொஞ்சம் பழுப்பாகும் தன்மை உடையது. அது பழுத்திருந்தால் மருந்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. கட்டி வெளுப்பாக இருந்தால் அந்த வெளுப்பு நிஜம். ரத்தக்குழாயும் வெளுத்திருந்தால் மருந்தே ஏறவில்லை. கட்டியின் வெளுப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மற்றவர்கள் இதைக் 'கன்ட்ரோல்' என்பார்கள். இவர் 'சாட்சி' என்பார். "சாட்சி பேசலன்னா வழக்கே இல்ல. தூக்கிப் போட்டுட்டு மறுபடி பண்ணு." சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று பழமொழி இருக்கிறதே என்று ஒரு நாள் யாரோ வம்புக்கு இழுத்தபோது, இந்த அறைக்குள் அது செல்லாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

சொட்டு விட்ட ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கிவைக்க ஒரு தட்டையான பெட்டி வைத்திருக்கிறார். அடியில் ஈரப் பஞ்சு, மேலே மூடி. மருந்து காய்ந்துபோகாமல் இருக்க ஈரம் வேண்டும். வயதான பெட்டி, ஒரு மூலையில் மூடி சரியாக உட்காராது. காற்றுப் புகுந்து அந்த மூலை ஸ்லைடு காய்ந்துவிடும். அதனால் அந்தக் கடைசி இடத்தில் எப்போதும் ஒரு வெறும் கண்ணாடியைத்தான் வைப்பார். புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்று அந்தப் பிரிவின் தலைவரான டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். குணம் தெரிந்த பெட்டி போதும் என்று இவர்தான் மறுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். அவளிடம் படிக்கிறவர்கள் 'கிளட்ச் அக்கா' என்பார்கள். "கிளட்ச்ச பட்டுனு விடாதீங்க. தூங்குற குழந்தைய கீழ படுக்க வைக்கிற மாதிரி விடுங்க" என்பது அவளுடைய மூலமந்திரம். இவர் மணிக்கணக்காக வாய் திறக்காமல் இருக்கக்கூடியவர். அவள் பச்சை விளக்கு விழுவதற்குள் பக்கத்து வண்டிக்காரரின் குடும்பக் கதையைக் கேட்டு முடித்துவிடுவாள். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளால் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. ஒரே ஒரு முறை ஸ்டியரிங்கைப் பிடித்தார். நேராகப் போய்க் குப்பைத் தொட்டியில் இடித்துவிட்டு இறங்கியவர்தான், அதற்குப் பிறகு பக்கத்து சீட்டோடு சரி. சாயங்காலம் கடைசி வகுப்பை முடித்துக்கொண்டு அவள்தான் வந்து அழைத்துப் போவாள். அவருடைய ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருப்பதால் போகிறவர் வருகிறவர் கால்கள் மட்டும்தான் தெரியும். அவளுடைய கான்வாஸ் ஷூ தெரிந்ததும் கையுறையைக் கழற்றுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார்கள். கல்லை எடுக்கப் போன இடத்தில் பையின் சுவரில் ஒரு தடிப்பு இருந்தது. பிறகு பெரிய ஆபரேஷன், பிறகு மருந்துகள், பிறகு முடி கொட்டி முளைத்தது. சொந்தக்காரருடைய சதையை நம் கையால் தொடக்கூடாது என்று அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு இவர் அதைக் கேட்கவில்லை. வேறு யாராவது மெழுகில் சாய்த்து வைத்துவிட்டால் கட்டி எதுவரை போயிருக்கிறது என்ற எல்லை சரியாகத் தெரியாதே என்று எல்லோரையும் விலக்கிவிட்டுத் தானே பதித்தார், தானே சீவினார். அன்று மாலை அவருடைய மூச்சு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவள் எழுந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூலுக்கும் திரும்பிவிட்டாள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றும் நல்லபடியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் பித்தப்பையிலும் பித்தநாளத்திலும் வருகிற புற்றுநோய் சத்தம் போடாத ரகம். முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று நினைத்த பிறகும் சிலருக்குத் திரும்பி வருகிறது, சிலருக்கு வருவதில்லை. யாருக்கு வரும் என்று எடுத்த சதையிலேயே ஏதாவது தடயம் இருக்குமா என்று பார்க்க டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பழைய பிளாக்குகளை எல்லாம் மறுபடி சீவுவது, சில புரதங்களுக்குச் சாயம் ஏற்றுவது, யாருடைய கட்டி எவ்வளவு பழுத்தது, அவர்கள் பிற்பாடு எப்படி இருந்தார்கள் என்று பொருத்திப் பார்ப்பது. அதில் ஒரு புரதத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் அதிகம். அது நிறைய இருந்தால் நோய் திரும்ப வாய்ப்பு கூடுதல் என்று நினைக்கிறார். வெறும் சந்தேகம்தான், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நிரூபணம் ஆனாலும்கூட நூறு பேரை வைத்துப் பேசலாமே தவிர, ஒருவரைக் காட்டி இவருக்கு இப்படித்தான் என்று சொல்ல முடியாது என்பதை டாக்டரம்மா வாரம் ஒரு முறையாவது எல்லோருக்கும் நினைவுபடுத்துவார்.

ஆராய்ச்சிக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது கிளட்ச் அக்கா படித்துக்கூடப் பார்க்கவில்லை. எடுத்ததை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், எனக்கும் அதற்கும் இனிமேல் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை நீட்டிவிட்டாள்.

சாயம் ஏற்றுகிறவருக்கும் பழுத்த செல்களை எண்ணிப் பார்க்கிற டாக்டருக்கும் எது யாருடையது என்று தெரியக்கூடாது. அதனால் பெயரெல்லாம் போய் ஸ்லைடில் வெறும் எண் மட்டும் இருக்கும். எண்ணை மறைக்கலாம். வடிவத்தை எப்படி மறைப்பது? ஒரு நாள் காலை, சாயம் ஏற்றாத ஸ்லைடுகளை அவை வந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். காது மடல் போல ஒரு வளைவு. கீழே, தோடு போடுகிற இடத்தில் ஒரு சின்னப் பிளவு. தன் கையால் மெழுகில் பதித்த வளைவு அவருக்கு மறக்குமா?

உடனே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஸ்லைடை வேறு ஒருவரிடம் கொடுத்திருக்கவேண்டும். இரண்டையும் செய்யவில்லை. உலகத்திலேயே அவளுடைய நிறத்தைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. தெரியவேண்டும் என்று இருந்தது. தெரிந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது. பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படி அவருடைய நினைப்பு அந்தப் பெட்டியிடமே போய்க்கொண்டிருந்தது.

மனைவியிடம் எதையும் ஒளிக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் பித்தப்பைக்குக் கூட காதா? அதான் நீங்க முணுமுணுக்கிறதெல்லாம் எனக்குக் கேட்டுச்சா?" சிரித்து முடித்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், பார்க்கப் போகிறீர்களா என்று. வேலை, பார்க்காமல் எப்படி என்றார். "அப்ப பாத்துட்டு என்கிட்ட சொல்லிடுங்க. எனக்குத் தெரியணும்னு இல்ல. நீங்க அத தனியா தூக்கிட்டு அலையக் கூடாது."

சாயம் ஏற்றுகிற நாள் வந்தது. மெழுகைக் கரைத்தார், மருந்து ஒட்டுவதற்குத் தோதாகப் பிரஷர் குக்கரில் வேகவைத்து எடுத்தார், ஆறவிட்டார். ஒவ்வொரு ஸ்லைடாகச் சொட்டு விட்டு ஈரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே வந்தார். அந்தக் காதுமடல் கைக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் நடுவில் வைக்க மனம் வரவில்லை. நடுவில் வைத்தால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கண்ணில் பட்டால் தன்னை அறியாமல் அதற்கு மட்டும் ஒரு சொட்டு கூடவோ குறையவோ விட்டுவிடுவோமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் கடைசியில், மூலையில் வைத்து மூடிவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம். அது வெறும் கண்ணாடி வைக்கிற இடம் என்பது அத்தனை வருஷப் பழக்கத்தில் ஊறிய அந்த மனிதருக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவே இல்லை.

மதியத்துக்கு மேல் எல்லாம் முடிந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எடுத்தார். கடைசியாக அது. ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளுப்பு. துளி பழுப்புக்கூட இல்லாத, மேகம் மாதிரி வெளிறிய நீலம். அவருடைய மூச்சு வந்தது. நீளமாக, உடம்பில் இருந்ததெல்லாம் வெளியே வருகிற மாதிரி வந்தது. பக்கத்து மேஜைப் பெண் என்ன சார் என்று நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு வந்தது.

ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டி எப்போதும் இளமையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இவருக்கு அவள் கிழவியாக வேண்டும். பல் விழவேண்டும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை வீடெல்லாம் தேடவேண்டும். காது மந்தமாகி, இவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். இவர் எரிந்து விழவேண்டும். அவள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் திரும்பிப் படுக்கவேண்டும். இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி, சாவியை யார் ஒளித்துவைப்பது என்று மகளோடு இவர் கூடிக் கூடிப் பேசவேண்டும். மூன்று வருஷமாக அவர் இதைத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை சாதாரண ஆசையை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வெளுப்பைப் பார்த்தபோது அந்தக் கிழவி கிடைத்துவிட்டாள் போலவே இருந்தது.

அந்த சந்தோஷம், ஸ்லைடைத் துடைத்து மைக்ரோஸ்கோப்பின் கீழே வைக்கிற வரைக்கும் இருந்தது. பழக்கம் விடவில்லை. கட்டியைப் பார்ப்பதற்கு முன் கண் தானாக ரத்தக்குழாயைத் தேடிப் போனது. சுவர் வெளுத்திருந்தது. அடுத்த குழாய், அதுவும் வெளுப்பு. விளிம்பில் ஒரே ஓர் இடத்தில், மருந்து காயாமல் தங்கிய ஒரு கீற்றில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று வழக்காடலாம் போல ஒரு லேசான பழுப்பு. அப்போதுதான் அவருக்குப் பெட்டியின் மூலை ஞாபகம் வந்தது.

அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். அந்தக் கீற்றைக் காட்டி, சாட்சி இருக்கிறது, போதும் என்று சொன்னால் போதும். சாயத்தைப் பொறுத்தவரை டாக்டரம்மா அவருடைய வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்வார். பிறகு அந்த எண்ணுக்கு நேராகப் பூஜ்யம் என்று விழும். அவ்வளவு பேருடைய கணக்கில் ஒன்று தவறாகப் போனால் எந்த மலை சரிந்துவிடும்? அவர் வீட்டில் மட்டும் அது நல்ல சேதி. பக்கத்து மேஜைப் பெண் கிளம்பிப் போனது, ஜன்னலில் கால்கள் குறைந்துகொண்டே வந்தது எதையும் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ஸ்லைடுத் தட்டை வாங்கிப் போக வந்தார். மறுநாள் காலையில் எண்ணத் தொடங்கவேண்டும், எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்ணு ரிப்பீட் பண்ணணும்" என்றார் பழுப்பு சார்.

"எது?"

"கடைசி. மூலையில இருந்தது. காஞ்சிடுச்சு."

டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "அந்த இடத்துல நீங்க எதையும் வைக்க மாட்டீங்களே சார்?"

"வச்சிட்டேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மற்றதை எல்லாம் டாக்டரம்மா எடுத்துக்கொண்டு போனார். சாயம் ஏற்றாத ஸ்லைடு அந்த எண்ணுக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று கதவருகே நின்று சொன்னார். அவருக்கு அது வெறும் எண்.

அன்று வீட்டில், டீயை ஆற்றிக்கொண்டே மனைவி கேட்டாள், காது வந்ததா என்று.

"வந்துச்சு. சரியா வரல. நாளைக்கு மறுபடி."

"சரியா வரலன்னா?"

"வெளுப்பா வந்துச்சு."

"வெளுப்பு நல்லதுன்னுதானே சொன்னீங்க?"

"நல்லதுதான். ஆனா நிஜமில்ல."

அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் டம்ளரைச் சாய்த்து டீயின் நிறத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "விட்டிருந்தா என் முகத்தப் பாத்து நீங்க பேசியிருக்க மாட்டீங்க. அதுக்கு இது மேல்." பிறகு, ரிவர்ஸ் போடச் சொன்னால் முன்னால் போகிற புது மாணவர் ஒருவரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் மிச்சமிருந்த அந்த ஒரே ஸ்லைடைப் பெட்டியின் நடுவில் வைத்தார். மூலையில் வெறும் கண்ணாடி. மூடியை எத்தனை தடவை திறந்து பார்த்தார் என்பதைப் பக்கத்து மேஜைப் பெண்தான் சொல்லவேண்டும். நிறம் கொடுக்கிற கடைசிக் கரைசலை ஊற்றிவிட்டு, மற்ற நாட்களில் கை கட்டி நின்று வேடிக்கை பார்க்கிறவர், அன்றைக்கு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெதிரே நிறம் ஏறியது. காது மடலின் பிளவில் ஆரம்பித்து, வளைவு முழுக்கப் பரவியது. நன்றாக ஏறியது. அப்பழுக்குச் சொல்ல முடியாத வேலை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரத்தக்குழாய்கள் அத்தனையும் அளவாகப் பழுத்திருந்தன. கட்டி அவற்றைவிட அழுத்தமாகப் பழுத்திருந்தது. எண்ணிச் சொல்ல வேண்டியது டாக்டரம்மா. ஆனால் டூ பிளஸ்ஸுக்குக் குறையாது என்று சொல்ல இவருக்கு யார் தயவும் வேண்டியதில்லை.

நூறு பேரை வைத்துத்தான் பேசலாம், ஒருவரைக் காட்டிச் சொல்லக்கூடாது என்பதை மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய் இல்லை. முழுக்கப் பழுத்தும் வருஷக்கணக்காகத் திடமாக நடமாடுகிறவர்கள் இருக்கலாம், இருப்பார்கள். மெல்லிய கண்ணாடி மூடியை ஒட்டி, எண்ணைச் சரிபார்த்து, டாக்டரம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது பிரமாதம் சார் என்றார்.

திரும்பி வந்தபோது மேஜையில் முந்தின நாள் வெளுத்த ஸ்லைடு இருந்தது. கெட்டுப்போன ஸ்லைடுகளை இரண்டாக உடைத்து, உடைந்த கண்ணாடி போடுகிற டப்பாவில் போடவேண்டும்; இல்லாவிட்டால் நல்லதோடு கலந்துவிடும். போடாமல் விடுகிறவர்களைக் கூப்பிட்டுத் திட்டுவது இவருடைய வேலைகளில் ஒன்று. ஸ்லைடை எடுத்துக்கொண்டு டப்பாவின் பக்கம் போனார். மூடியைத் திறந்தார். ஜன்னலில் கான்வாஸ் ஷூ வந்து நின்றது.

காரில் அவள் ஓட்ட, இவர் பக்கத்தில். பழகுகிற வண்டி என்பதால் இவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். தப்பித் தவறி மிதித்துவிடக்கூடாதே என்று கால்களை மடக்கி உட்காருவார். சிக்னலில் நின்றபோது, பக்கத்து வண்டிக்காரரைத் திரும்பிப் பார்க்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வந்துச்சா?"

"ம்."

"பழுப்பா?"

"பழுப்பு."

பச்சை விழுந்தது. அவள் கிளட்சை மெதுவாக விட்டு வண்டியை எடுத்தாள். "சரி. டாக்டரம்மாதான் சொல்றாங்களே, ஒருத்தர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு." ஆமாம் என்றார். வருகிற ஸ்கேன் அன்றைக்கு வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளப் போவதில்லை, நீங்களும் லீவு போடுங்கள், முடித்துவிட்டு எங்கேயாவது போகலாம் என்றாள். அதற்கும் சரி என்றார்.

தெரு முனையில் வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியபோது அவருடைய வலது கை சட்டைப் பையை அழுத்திப் பொத்திக்கொண்டது.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. பையில கண்ணாடி இருக்கு."

"என்ன கண்ணாடி?"

அவர் வெளியே பார்த்தார். "நேத்து வந்தது."

"தப்பா வந்தது, நிஜமில்லன்னு சொன்னீங்களே. அத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

அடுத்த வேகத்தடை தூரத்திலேயே தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், முதல் கியருக்கு வந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன் சக்கரம் ஏறி, இறங்கி, பின் சக்கரம் ஏறி, இறங்குகிற வரைக்கும் வண்டி ஊர்ந்தது. தடை தாண்டிய பிறகும் அவர் பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.